நோர்மால் பாடியது ஜெர்மன் அல்ல

‘நெதர்லாந்தின் நோர்மால் இசைக்குழு ஜெர்மனில் பாடியது’ என்ற பகிர்வு தவறு. 1975-இல் தொடங்கிய அந்தக் குழு பாடியது, கெல்டர்லாண்ட் மாகாணத்தின் அக்டர்ஹூக் வட்டார வழக்கில். அது வட ஜெர்மனியிலும் கிழக்கு நெதர்லாந்திலும் பேசப்படும் கீழ்ச் சாக்சன் மொழியின் கிளை.

சோதிப்பது எளிது. தண்ணீர் ஜெர்மனில் ‘வாசர்’, இந்த வழக்கில் ‘வாட்டர்’. ஆப்பிள் அங்கே ‘அப்ஃபெல்’, இங்கே ‘அப்பெல்’. ட, ப ஒலிகளை மாற்றிய பழைய ஜெர்மன் திரிபு இந்த வழக்கைத் தொடவே இல்லை. குழப்பத்துக்குக் காரணம் இந்த வழக்கின் ‘ஓல்ட்’ போன்ற சொற்கள்: ‘பழைய’ என்பதற்கு டச்சில் ‘அவுட்’, ஜெர்மனில் ‘அல்ட்’. லகரம் காதில் விழுந்ததும் ஜெர்மன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

1977-இல் வெளியான அக்குழுவின் ‘ஊரண்ட் ஹார்ட்’ பாடல் வெறும் கும்மாளப் பாட்டும் அல்ல. அதிவேகமாக பைக் ஓட்டிய பெர்டுஸும் டீனுஸும் அந்தப் பாட்டில் இறந்துபோகிறார்கள்.