மூலம் மூலம் என்கிறீர்களே, எந்த மூலம்?

போன வாரக் கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராமாயணத்து அகலிகையைப் பேசவைத்துக் கதை எழுதிய பெண்ணைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்கிறார்: "மூலத்துல இல்லாததை எழுத உனக்கு யாரும்மா உரிமை குடுத்தது?" கைதட்டல் வேறு.

சரி, மூலத்துக்கே போவோம். எந்த மூலம் ஐயா? வால்மீகியில் அகலிகை கல்லாகவே இல்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணிலும் படாமல் இருக்கிறாள். ராமனும் லட்சுமணனும்தான் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பரில் அவள் கல். ராமனின் கால் தூசி பட்டு எழுகிறாள். யார் காலை யார் தொடுவது என்பதே தலைகீழாகிவிட்டது. புருஷன் வேஷத்தில் வந்தவன் இந்திரன் என்பது வால்மீகியில் அவளுக்கு முன்பே தெரியும், கம்பரில் நடுவில் தெரிகிறது. இதில் எதைக் கெடுத்துவிட்டாள் அந்தப் பெண்?

வால்மீகியின் ராவணன் சீதையைக் கூந்தலிலும் தொடையிலும் பற்றித் தூக்குகிறான். கம்பருக்கு மனசு வரவில்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்க்கவைத்தார். மாற்றியது கம்பர் என்றால் கவிநயம் என்று ஒரு மணி நேரம் பேசுவோம். நானும்தான் ரசிக்கிறேன். லட்சுமணன் கோடு? இரண்டிலும் இல்லை. அவன் மனைவி ஊர்மிளையின் 14 வருஷத் தூக்கம்? வால்மீகியில் கல்யாணத்துக்குப் பிறகு அவளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அந்தத் தூக்கத்தை ஆந்திராவில் பெண்கள் வீட்டுக்குள், தங்களுக்குள் பாடிவந்தார்கள். வங்காளத்துச் சந்திராவதி 16ஆம் நூற்றாண்டிலேயே ராமாயணத்தைச் சீதையின் கதையாகப் பாடிவிட்டாள். "இதெல்லாம் இப்போ வந்த ஃபேஷன்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

பாரதம் இன்னும் வேடிக்கை. "குருடன் மகன் குருடன்" என்று திரௌபதி சொன்னாளாம். புனே பண்டார்க்கர் ஆய்வு நிறுவனம் 1,259 பாரதச் சுவடிகளைத் திரட்டி 1966இல் முடித்த பதிப்பில் அந்த வசனமே கிடையாது. துரியோதனன் தண்ணீரில் விழும் இடத்தில் சிரிப்பவர்கள் பீமன், அர்ஜுனன், இரட்டையர்கள், வேலைக்காரர்கள். திரௌபதியும் சிரித்தாள் என்பது, அவன் பிறகு அப்பாவிடம் போய்ப் புலம்பும்போதுதான் வருகிறது. புகார் கொடுத்தவனின் வாக்குமூலம். அதை வைத்துக்கொண்டு "ஒரு பெண்ணின் சிரிப்பால் வந்த போர்" என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்.

"அப்போ யார் எதை வேணும்னாலும் எழுதலாமா?" என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் நிறைய சொதப்புகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். திரௌபதியை 'நான்' என்று பேசவைத்துவிட்டு, சூதின் முதல் உருட்டிலிருந்தே வர்ணிக்கச் சொல்வார்கள். அவள் எங்கே பார்த்தாள்? மாதவிலக்காகி, ஒற்றை ஆடையோடு உள்ளே இருக்கிறாள். தூதாள் பிராதிகாமி வந்து சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அந்த இருட்டிலிருந்துதான் கேள்வி வருகிறது: தருமர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா, போய்க் கேட்டு வா. வந்தவனைத் திருப்பி அனுப்புகிறாள்! எல்லாவற்றையும் அவள் கண்ணால் பார்த்ததாக எழுதினால் இந்த இடம் செத்துப்போகும். ஆண்கள் அத்தனை பேரும் வில்லன் என்று எழுதினால் சபையில் அவளுக்காகப் பேசிய துரியோதனன் தம்பி விகர்ணனை எங்கே ஒளித்துவைப்பது? எழுதுகிறவர்கள் ஒரே ஒரு காட்சியை எடுங்கள். அவளுக்கு எது தெரியும், யார் சொல்லித் தெரியும் என்று ஒரு தாளில் குறித்துவிட்டு உட்காருங்கள்.

அடுத்தது "பக்தி புண்படுது". விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் படுகளம் என்கிற போர்க்களச் சடங்கைப் பார்த்திருக்கிறீர்களா? மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் தொடையிலிருந்து எடுத்த ரத்தத்தில் அம்மன் கூந்தல் முடிகிறாள். வியாசரில் அந்தக் கூந்தல் சபதம் இல்லை. ஊரே விரதம் இருந்து, தீ மிதித்துக் கும்பிடுகிறது. அங்கே போய் மூலம் கேளுங்களேன், பார்ப்போம்.

புதுமைப்பித்தனின் அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். 1943இல் வந்த கதை. இன்றைக்கும் கொண்டாடுகிறோம், கொண்டாடவேண்டியதுதான். ஆனால் அதே அகலிகையை ஒரு பெண் தொட்டால் மட்டும் உரிமைப் பத்திரம் கேட்கிறோம்.

பெரியவரை வயசு என்று விட்டுவிடலாம். அவள் பதில் சொல்ல வாயெடுத்ததும் "நேரமாச்சு" என்று மைக்கை வாங்கினீர்களே, அதற்கும் கைதட்டினீர்களே, அதைத்தான் என்னால் விழுங்கமுடியவில்லை.

கீழே சண்டைக்கு வருகிறவர்கள் காண்டம், சருக்கம் எண்ணோடு வாருங்கள். "எங்க பாட்டி சொன்னாங்க" என்றாலும் சரிதான். ஆனால் அதுவும் ஒரு பெண் சொன்ன ராமாயணம் என்று ஒப்புக்கொண்டு ஆரம்பியுங்கள்.