ஜி.டி.யில் அந்த வரி எங்கே, ஐயா?

அந்த டிவி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று புரியும். பெயர் வேண்டாம். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். 2025 ஜூனில் நகைத் திருட்டு விசாரணைக்கென்று போலீஸ் கூட்டிப் போன கோயில் காவலாளி இறந்த திருப்புவனம் பேச்சு வந்ததும் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "அது கைதே இல்லைங்க. சும்மா விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டி.கே.பாசு கைடுலைன்ஸ் எல்லாம் கைதுக்குத்தான்." நெறியாளரும் தலையாட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டராக இருந்து எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். பெரிய படிப்பு இல்லை. ஆனால் ஸ்டேஷன் காகிதம் தெரியும். அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

ஒரு மனிதனைச் சட்டப்படி ஸ்டேஷனுக்கு வரவழைக்க மூன்றே வழி. சாட்சி என்றால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 179, எழுத்தில் உத்தரவு. அதிலும் பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 தாண்டியவர்களை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். சந்தேக நபர், கைது தேவையில்லை என்றால் 35(3) நோட்டீஸ். கைது என்றால் 36: கைதுக் குறிப்பாணை, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து, வீட்டுக்குத் தகவல். நான்காவதாக ‘சும்மா விசாரணை’ என்று ஒரு பிரிவு 1973 சட்டத்திலும் இல்லை, 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்திலும் இல்லை. கைதின்போது போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்த 1996 டி.கே.பாசு தீர்ப்பு கைதைப் பற்றி மட்டுமா பேசுகிறது? காவலில் வைப்பதையும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஐயா அதைப் படித்துத்தான் பதவி உயர்வு வாங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பார்கள். எல்லாமே போகும். 24 மணி நேரக் கணக்கு ஆளைப் பிடித்த நிமிடத்தில் தொடங்க வேண்டும். ஜி.டி.யில், அதாவது ஸ்டேஷனில் நடப்பதையெல்லாம் எழுதும் ஜெனரல் டைரியில், வரி விழாவிட்டால் அந்தக் கடிகாரம் ஓடாது. கடிகாரம் ஓடாவிட்டால் டாக்டர் பரிசோதனை இல்லை, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை இல்லை, கண்ட்ரோல் ரூம் பலகையில் பெயர் இல்லை, மாஜிஸ்திரேட் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. அந்த ஆள் எங்குமே இல்லாத ஆள். எங்குமே இல்லாதவனை எங்கே வைத்து அடித்தாலும் கேட்க நாதியில்லை. மாட்டுத் தொழுவத்தில் வைத்தும் அடிக்கலாம்.

இதை எப்படிச் சமாளிப்பார்கள் என்பதும் எல்லா ரைட்டருக்கும் தெரியும். ஜி.டி.யில் நாலு வரி இடம் விட்டு எழுதுவது. இரண்டு நாள் கழித்து, ‘பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றிருந்தவரை’ என்று நிரப்புவது. கை கால் உடைந்திருந்தால் ‘தப்பியோட முயன்றபோது தவறி விழுந்து’. மாவுக்கட்டுப் படம் வந்ததும் இதே முகநூலில் சிரிப்பு ஸ்மைலி போட்டவர்கள் எத்தனை பேர்? அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மடப்புரம் கோயில் காவலாளி விஷயத்தில், எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் போலீஸ் ஸ்பெஷல் டீம் எப்படிக் கையில் எடுத்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. முதல் கேள்வியே அதுதான். உடம்பில் 44 காயங்கள் என்ற பிரேதப் பரிசோதனை அறிக்கை அதற்கப்புறம். முதல் கேள்வியை விட்டுவிட்டு டிவியில் எல்லோரும் இரண்டாவதைப் பற்றியே பேசுகிறார்கள். நகை காணோம் என்ற புகாருக்கு முதலில் எஃப்.ஐ.ஆர். போட்டு, நோட்டீஸ் கொடுத்து, ஜி.டி.யில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

கொலை கேஸைவிடத் திருட்டு கேஸில் ஏன் அடி அதிகம்? ரெக்கவரி, அதாவது திருட்டுப் பொருளை மீட்பது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதைத் தொடர்ந்து பொருள் கிடைத்தால் அந்தத் துண்டு மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டம் 27, இப்போது புதுச் சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. 23. மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் எஸ்.பி. கேட்பது எத்தனை சவரன் போச்சு, எத்தனை சவரன் வந்துச்சு என்றுதான். யார் கையால், எந்த முறையில் வந்தது என்று கேட்பதில்லை. மேஜை மேல் நகையைப் பரப்பி பிரஸ் மீட் வைக்கும்போது எல்லோரும் கைதட்டுகிறோமே, அந்தக் கைதட்டலுக்கும் இதில் பங்கு உண்டு.

"உங்க வீட்டுல பத்துப் பவுன் போனா இப்படிப் பேசுவீங்களா?" பேசுவேன். அடுத்த கேள்வி.

"ஆள் பற்றாக்குறை, லீவு கிடையாது, மன அழுத்தம்." இது உண்மை. பந்தோபஸ்து முடித்து வந்தவனை நேரே பாரா எனும் காவல் நிற்கும் வேலையில் நிறுத்தும் துறை இது. இதற்காக நான் யாரோடும் சண்டை போடத் தயார். ஆனால் ஜி.டி.யில் ஒரு வரி எழுத இரண்டு நிமிடம் போதும். ஆளைத் தூக்கிக்கொண்டு இடம் இடமாகச் சுற்ற நேரம் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் இல்லையா?

"சி.பி.ஐ.க்குக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" 2023 ஜூனில், மாநிலத்துக்குள் விசாரிக்க சி.பி.ஐ.க்கு இருந்த பொது அனுமதியைத் திரும்பப் பெற்ற அதே அரசுதான் 2025 ஜூலையில் நீங்களே வாருங்கள் என்று கூப்பிட்டது. கூப்பிட்டது சரிதான், தன் போலீஸைத் தானே விசாரிக்கக் கூடாது. ஆனால் சி.பி.ஐ. என்றால் சாமி என்று நினைப்பவர்களுக்கு: 2022 டிசம்பரில் மேற்கு வங்கம் ராம்பூர்ஹாட்டில் சி.பி.ஐ. முகாமிலேயே, வீடுகளுக்குத் தீ வைத்துப் பலரைக் கொன்ற போக்டுய் வழக்கின் முக்கியக் குற்றம்சாட்டப்பட்டவர் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது சி.பி.ஐ., கொலை என்றது குடும்பம். சட்டை நிறம் மாறினால் எல்லாம் மாறிவிடாது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கேமரா வைக்கச் சொன்னது ஸ்டேஷன்களில் மட்டுமல்ல, சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத் துறை அலுவலகங்களிலும்தான். லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, கழிப்பறைக்கு வெளியே. ஒலியோடு, இரவிலும் தெரியும்படி, 18 மாதப் பதிவு. முடியாவிட்டால் ஓராண்டாவது.

2020-ல் அப்பாவும் மகனும் அடிபட்டுச் செத்த சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். அந்தக் கேஸில் உண்மையைச் சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலர். பெரிய பதவியில் இருந்தவர்கள் அன்றைக்கும் டிவியில்தான் இருந்தார்கள், ‘ஒரு சிலர் செய்த தவறு’ என்று.

ஓய்வு பெற்றவர்கள் எல்லோருமே இப்படி என்று சொல்லவில்லை. போலீஸ் சீர்திருத்தம் கேட்டு 1996-ல் உச்ச நீதிமன்றப் படியேறிய பிரகாஷ் சிங் ஓய்வு பெற்ற டி.ஜி.பி.தான். பத்து வருஷம் நடந்து 2006 செப்டம்பரில் ஏழு உத்தரவுகள் வாங்கினார். அதில் ஒன்று, போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில். நம் மாநிலம் 2013-ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர். உறுப்பினர் யார் தெரியுமா? டி.ஜி.பி.! யார் மேல் புகாரோ அவர் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து. பேச வேண்டிய விஷயம் இது. ஜி.டி. பேசப்பட வேண்டும், எஃப்.ஐ.ஆர். பேசப்பட வேண்டும். இவர்களோ கைதா விசாரணையா என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள்.

இதை எழுதியதற்கு, சோறு போட்ட துறையைக் காட்டிக் கொடுக்கிறான் என்று நம் ஆட்களே வாட்ஸ்அப்பில் போடுவார்கள், போடட்டும். ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்தில் மருத்துவக் காப்பீட்டுக்குத் தீர்மானம், அகவிலைப்படிக்குத் தீர்மானம். புகார் ஆணையத்துக்கு நீதிபதியைப் போடுங்கள் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாமே என்றால் மட்டும் மைக் சட்டென்று அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது.