விழுந்தவனை மறுபடி ஏற விடுங்கள்

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்தது கோத்தகிரியில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஆடியோவும் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. என் பையனுடைய கணக்குப் பேப்பரைத் தூக்கிக் காட்டி, "கேம்ல மட்டும் லெவல் லெவலா ஏறுறான், இதுல ஏற மாட்டேங்கிறான்" என்றார்கள். எல்லாரும் சிரித்தீர்கள். நல்ல ஜோக்தான். ஆனால் அதில் மட்டும் ஏன் ஏறுகிறான் என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா?

விழுந்தால் கேம் மறுபடி ஆட விடுகிறது. அதனால் ஏறுகிறான்.

1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வீடியோ கேம் ஞாபகம் இருக்கிறதா? முதல் லெவல் முடியப் போகிற இடத்தில், எதிரெதிராக இரண்டு படிக்கட்டு. நடுவில் வெறும் தரை. தாண்டத் தவறினாலும் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தள்ளி அதே படிக்கட்டு, நடுவில் இப்போது பள்ளம். அதற்குள் கை பழகியிருக்கும். விளக்கம் ஒரு வரி கிடையாது. உயிர் மூன்றும் போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்; அப்பாவைக் கூட்டி வா என்று மேரியோ சொல்வதில்லை. நம் வகுப்பில் தரையே கிடையாது, நேராகப் பள்ளம்தான்.

"அப்போ நாள் பூரா போனை நோண்டட்டும்ங்கிறீங்களா?" இல்லை. எங்கே சொன்னேன்? என் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் பீரோவில். அடுத்த கேள்வி.

"நாற்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர், என்ன பண்ணுவாங்க?" இது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2007-இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்ததே, மறந்துவிட்டதா? சுவரில் பாடங்களை ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்திய படம், கையில் பாட அட்டை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படி ஏறும். தங்கிவிட்டால் அதே படிக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி. இது லெவல் இல்லாமல் என்ன? அதற்கு போன் தேவைப்பட்டதா?

"வாழ்க்கையில இன்னொரு லைஃப் கிடைக்குமா?" என்று தத்துவம் பேசினவருக்கு: பத்து வயசுப் பையனுக்குக் கூட்டல் கழித்தலில் கிடைக்கலாம் சார். நீங்கள் மனசு வைத்தால்.

எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ராவில் பதினொரு மார்க். பேப்பரை மடியில் போட்டுவிட்டு, "உங்கம்மா கூடக் கொழுந்து பறிக்கப் போ" என்றார் வாத்தியார். அன்றைக்கும் வகுப்பே சிரித்தது. அம்மா மழையில் அட்டைக்கடியோடு பறித்த கொழுந்தில்தான் எனக்கு ஃபீஸ் கட்டினாள். கொழுந்து பறிப்பது கேவலமா? ஏன், கூட்டத்தில் எல்லாரும் டீ குடிக்கவில்லையா? அதற்கப்புறம் நான் கணக்கைத் தொடவே இல்லை. இன்றைக்கும் கடையில் பில் போட கால்குலேட்டர்தான்.

பையன் சனிக்கிழமையிலிருந்து கணக்கு நோட்டைத் திறக்கவில்லை. போனையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றைக்குச் சிரித்தவர்களில் மூன்று பேர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். இதற்கு ஹார்ட் போட வேண்டாம்.