மாவட்டம் பிரிவது வேறு, மாநிலம் விலகுவது வேறு
2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்ததுபோல மாநிலமும் இந்திய ஒன்றியத்தைவிட்டு விலகலாம் என்று ஒரு கட்டுரை வாதிடுகிறது; அதற்கான பதில் இது. இரண்டும் ஒன்றல்ல. மாவட்டத்தைப் பிரிக்க மாநில அரசின் ஆணை போதும். மாநில எல்லையை மாற்ற, அரசியலமைப்பின் 3-வது பிரிவின்படி நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். சட்டமன்றத்திடம் கருத்து கேட்பார்கள், அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 2014-ல் ஆந்திர சட்டமன்றம் மசோதாவை நிராகரித்த பிறகும் தெலங்கானா பிறந்தது. நாளைக்கே ஓசூரைக் கர்நாடகத்தோடு சேர்க்க நினைத்தாலும் இதே வழிதான். விலகல் உரிமையைவிட இந்த அநியாயத்தைத்தான் நாம் முதலில் பேச வேண்டும்.

விலகுவதற்கு அரசியலமைப்பில் வழியே கிடையாது. இந்திய நிலத்தை அயல்நாட்டுக்குக் கொடுக்கக்கூட 368-வது பிரிவின்படி அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960-ல், மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1963-ல் வந்த 16-வது அரசியலமைப்புத் திருத்தம் பிரிவினைக்கு எதிரான பிடியை இன்னும் இறுக்கியது. அதன்படி, பென்னாகரத்தில் தேர்தலில் நிற்கும் சுயேச்சைகூட, வேட்புமனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். தவறினால் மனு தள்ளுபடி.

விலகும் உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கும் நாடுகளில் ஒன்று எத்தியோப்பியா. அங்கும் சட்டமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஆதரவு, பிறகு மூன்று ஆண்டுக்குள் பொதுவாக்கெடுப்பு, கடைசியில் சொத்துப் பிரிவினை என்று படிப்படியாகத்தான் போக முடியும்.