‘சிம்பிளா ஏதாவது பண்ணிடேன்’னு இனிமே யாரும் என்கிட்ட சொல்லாதீங்க

பதினஞ்சு நிமிஷத்துல ஹெல்தி டின்னர்னு வீடியோ போடறவங்க எல்லாருக்கும் ஒரே ஒரு கேள்வி. வீடியோ ஆரம்பிக்கும்போதே வெங்காயம் நறுக்கி ஒரு கிண்ணத்துல இருக்கு, கேரட் துருவி ஒரு கிண்ணத்துல இருக்கு, பாசிப்பயறு முளைகட்டி வெந்து ஆறி இன்னொரு கிண்ணத்துல இருக்கு, இதெல்லாம் யாரு பண்ணா, எப்ப பண்ணா, அப்புறம் அத்தனை கிண்ணத்தையும் யாரு கழுவினா? நீங்க சொல்ற பதினஞ்சு நிமிஷம் அடுப்பு பத்த வச்சதுக்கு அப்புறம் ஆரம்பிக்கற பதினஞ்சு நிமிஷம்ங்க. அதுக்கு முன்னாடி இருக்கற முக்கா மணி நேரம் யார் கணக்குலயும் வர்றதே இல்ல.

எங்க வீட்டு சாயங்காலம் எப்படின்னு சொல்றேன் கேளுங்க. சென்னைல ஆபீஸ் சோழிங்கநல்லூர்ல, வீடு மேடவாக்கம் தாண்டி. மேப்புல பாத்தா இந்தா இருக்குன்னு தோணும். ஆனா ஓஎம்ஆர், அதான் பழைய மகாபலிபுரம் ரோடு, அந்த பக்கமும் மெட்ரோ வேலை, மேடவாக்கம் பக்கமும் மெட்ரோ வேலை, பாதி ரோட்ட தகரத்த வச்சு அடைச்சிருக்கான், மழை பேஞ்சா மிச்ச பாதியும் தண்ணி. ஆறரைக்கு கிளம்பினா எப்ப வீடு சேருவேன்னு எனக்கே தெரியாது. பொண்ணுக்கு ஹிந்தி கிளாஸ் ஏழரைக்கு விடும், பையன் பத்தாவது, டியூஷன் முடிய எட்டேகால், அத்தைக்கு சுகர், டேப்லெட் போட்டா ஏழரைக்குள்ள சாப்பிட்டாகணும், இவரு வர்றதுக்கு ஒன்பது ஆகும். ஆக, ஒரு டின்னர், நாலு பந்தி. அதுல ரெண்டு பந்தி ஸ்கூட்டி மேலயே நடக்கும், பின்னாடி உக்காந்து டப்பாவ தொறந்து சாப்பிட்டுட்டே வருவாங்க. இதுக்கு நடுவுல ஹெல்தியா வேற இருக்கணுமாம்.

சரி, ஹெல்தின்னா என்ன? கீரை. ஆனா ராத்திரில கீரை ஆகாதும்பாங்க அத்தை. தயிர்? ராத்திரில தயிர் ஆகாது, சளி பிடிக்கும்பாங்க. கிழங்கு வாயும்பாங்க. முட்டை அவிச்சா அஞ்சு நிமிஷ வேலை, பசங்களுக்கு புரோட்டீன், ஆனா செவ்வாய் வெள்ளி சனி வீட்டுக்குள்ள முட்டை உடைக்கக் கூடாது, அமாவாசை கிருத்திகைன்னா கூடாது, புரட்டாசின்னா ஒரு மாசம் பேச்சே கிடையாது. அத்தைய நான் குத்தம் சொல்லல, அவங்க வளந்த விதம் அது, அவங்க காலத்துல மத்தியானமே கீரையும் கூட்டும் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க, ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்னு இருந்தது. இப்ப மத்தியானம் யாரு வீட்ல இருக்கா? பையன் டப்பால லெமன் ரைஸ், பொண்ணு டப்பால தக்காளி சாதம், எனக்கும் அதே தக்காளி சாதம், இவரு கேன்டீன். அஞ்சு பேரும் ஒரு காய உருப்படியா சாப்பிட முடியற ஒரே வேளை ராத்திரிதான், அந்த வேளைக்குன்னு பாத்து இத்தனை தடா.

எல்லா கதவையும் சாத்திட்டா மிச்சம் என்ன இருக்கும்? மாவு. இட்லி, தோசை, ஊத்தப்பம், சப்பாத்தி, உப்புமா, சேமியா, இடியாப்பம். இதுக்கு நாம வச்சிருக்கற பேரு லைட் டிபன். எதுல லைட்டு? நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அத அரைச்சு அவிச்சா அது என்ன, முக்கால்வாசி சோறுதானே. இட்லி கெட்டதுன்னு சொல்ல வரல, இட்லிய யாராவது கெட்டதுன்னு சொன்னா நானே சண்டைக்கு வருவேன். ஆனா வாரத்துல அஞ்சு ராத்திரியும் இட்லி தோசை, தொட்டுக்க தேங்காய் சட்னின்னா அதுல காய் எங்க இருக்கு? ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல புதுசா ஒரு உணவு வழிகாட்டி போட்டாங்க, அதுல ஒரு நாளைக்கு சாப்பிடற கலோரில தானியத்துலேருந்து வர்றது 45 சதவீதத்த தாண்ட வேணாம்னு இருக்கு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறின்னு இருக்கு. நல்ல விஷயம்தான், நான் மறுக்கல. ஆனா எங்க வீட்ல அஞ்சு பேரு. அஞ்சு நானூறு ரெண்டு கிலோ. தினம் ரெண்டு கிலோ காய்! காலைல அவசரத்துல பீன்ஸ் கொஞ்சம் போச்சுன்னா கூட ராத்திரிக்கு ஒரு கிலோவுக்கு மேல மிச்சம் நிக்குது. ஒரு கிலோ அவரைக்காய்க்கு நார் எடுத்து பாத்திருக்கீங்களா? கொத்தவரங்காய் நறுக்கி பாத்திருக்கீங்களா? முருங்கைக்கீரைய ஆய உக்காந்தா ஒரு முழு சீரியல் முடிஞ்சிடும், வதக்கினா ஒரு கைப்பிடி ஆயிடும். வாழைப்பூ பத்தி பேசவே வேணாம், அது ஞாயித்துக்கிழமைக்கும் பெரிய வேலை.

கட் பண்ண காய் பாக்கெட் வாங்குங்கன்னு ஒருத்தி சொன்னா. வாங்கினேன். கேரட் ஓரம் வெளுத்து காஞ்சு கிடக்கு, பீன்ஸ் அடில தண்ணி விட்டு கொழகொழன்னு இருக்கு, விலை முழுக்காய விட எவ்வளவோ அதிகம். அதுவும் சாம்பார் மிக்ஸ்னு பேர் போட்டு பாதி பாக்கெட் பூசணிக்காய்.

சரி வெளில வாங்கலாம்னு வச்சுக்குவோம், காசு போனா போகுது. இங்கதான் எனக்கு வயிறு எரியுது. ராத்திரி எட்டு மணிக்கு எங்க ஏரியால எந்த ஹோட்டலுக்கு வேணா போங்க, போய் ஒரு பொரியல் கேளுங்க. "நைட்டு டிபன் மட்டும்தான்மா." மத்தியானம் மூணு மணி வரைக்கும் அதே ஹோட்டல்ல கூட்டு பொரியல் கீரை மோர்க்குழம்புன்னு வாளி வாளியா ஓடும், மூணு மணிக்கு மேல அந்த ஆளுங்க காய்கறிங்கற ஒண்ணையே மறந்துடுவாங்க. ராத்திரி ஆனா பரோட்டா, நான், ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், ஷவர்மா, கல்தோசை, பொடி தோசை, நெய் தோசை. அத்தனையும் மாவு, அரிசி, எண்ணெய். போன்ல ஆர்டர் பண்ற ஆப்ல ஹெல்தின்னு தட்டினா என்ன வருது? சாலட் ஒரு கிண்ணம், ஒரு ஆளுக்கே பத்தாது, அந்த காசுக்கு ஒரு பை நிறைய காய் வாங்கலாம், அதுவும் பச்சையா இருக்கற முட்டைகோஸ். அத்தை அத பாத்து "இது மாட்டுக்கா?"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் வரல.

இதுல பார்சல் கூத்து தனி. தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1லேருந்து தடை. இன்னைக்கும் கொதிக்கற சாம்பார கவர்ல ஊத்தி, நூல சுத்தி, பலூன் மாதிரி ஊதி குடுக்கறாங்க. அத வாங்கிட்டு வந்து ஹெல்தி இட்லிக்கு ஊத்தி சாப்பிடணும்.

டியூஷன் வாசல் கதை இன்னும் மோசம். ஆறு மணிக்கு வயித்துப் பசியோட உள்ள போற பசங்களுக்கு அந்த ரோட்ல என்ன கிடைக்கும்? பப்ஸ், சமோசா, பானிபூரி, செவசெவன்னு காளான், கலர் ஊத்தின ஃப்ரைட் ரைஸ். தப்பு பசங்க மேல இல்ல, வளர்ற வயசு, பசிக்கும். ஆனா இந்த மெட்ராஸ்ல பீச்சுக்கு போனா தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்னு கூடையோட வர்றாங்களே, அந்த சுண்டல் ஏன் டியூஷன் சென்டர் வாசலுக்கு வர மாட்டேங்குது? நடந்துக்கிட்டே சாப்பிடலாம், கை ஒட்டாது, புரோட்டீன், நார்ச்சத்து, விலையும் கம்மி. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு விதவிதமா சுண்டல் பண்ணி கூப்பிட்டு கூப்பிட்டு குடுக்கற ஊரு இது, பத்தாவது நாள் பட்டாணிய மறந்துட்டு பப்ஸுக்கு போயிடுது. நானே மூக்கடலைய காலைல ஊற போட்டுட்டு போயி, சாயங்காலம் குக்கர்ல வச்சு தாளிச்சு டப்பால குடுக்கறேன், அதுவும் ஊற போட ஞாபகம் இருந்தாத்தான். காலைல ஆறு மணிக்கு சாயங்காலத்து கடலைய பத்தி நினைக்கணும், புரியுதா? சமையல்ல கஷ்டம் கரண்டி பிடிக்கறதுல இல்ல, இதுலதான்.

அப்புறம் இந்த மில்லட். 2023ஐ ஐநா சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சாலும் அறிவிச்சாங்க, சூப்பர் மார்க்கெட் ஷெல்ஃப் பூரா மில்லட் நூடுல்ஸ், மில்லட் குக்கீஸ், மில்லட் தோசை மிக்ஸ். பாக்கெட்ட திருப்பி பொடி எழுத்த படிங்க. எது எடைல அதிகமோ அதத்தான் முதல்ல போடணும்கறது சட்டம். நான் கைல எடுத்த நூடுல்ஸ் பாக்கெட்ல முதல்ல கோதுமை மாவு, அப்புறம் எண்ணெய், எங்கேயோ கீழ வரகும் சாமையும் நிக்குது. நிஜ வரகு, குதிரைவாலி வாங்கி பொங்கினா நல்லாத்தான் இருக்கு, ஊற வச்சா சீக்கிரம் வெந்துடும். பையன் என்ன சொல்றான்? "அம்மா, இது உப்புமா." உப்புமாங்கறது அவனுக்கு ஒரு வசவு.

இப்ப வீட்டுக்காரர் விஷயத்துக்கு வர்றேன். நல்ல மனுஷன், அது வேண்டாம்னு சொல்லல. நான் ஆபீஸ்லேருந்து கிளம்பினதும் போன் வரும், "என்ன டின்னர்?" நான் இன்னும் யோசிக்கலன்னா, "சிம்பிளா ஏதாவது பண்ணிடேன், ஏன் டென்ஷன் ஆகற." டென்ஷன் எங்கேருந்து வருதுன்னா, அந்த ‘ஏதாவது’ என்னன்னு முடிவு பண்ணணும்ல, அதுலேருந்து வருது. அத்தைக்கு சக்கரை ஏறக்கூடாது, பையனுக்கு கத்தரிக்காய் ஆகாது, பொண்ணு பாகற்காய பாத்தா ஓடிடும், மாவு நாளைக்கு புளிச்சிடும் அதனால இன்னைக்கே காலி பண்ணணும், ஃப்ரிட்ஜுல அரை பீட்ரூட் வாடுது, கேஸ் எப்ப தீரும்னு தெரியல. இத்தனையையும் ட்ராஃபிக்ல நின்னுக்கிட்டே தலைக்குள்ள கூட்டி கழிச்சா வர்ற விடைதான் அவரோட சிம்பிள். "நான் வேணா ஹெல்ப் பண்ணட்டுமா?"ன்னு கேப்பாரு. ஹெல்ப்னா ஒன்பது மணிக்கு பரோட்டாவோட வர்றது. பசங்க அப்பா அப்பான்னு ஓடும், நான் பண்ண பீட்ரூட் பொரியல் என்னைய பாக்கும், நான் அத பாப்பேன்.

மத்திய அரசு 2019ல ஒரு சர்வே எடுத்தாங்க, யாரு எதுல எவ்வளவு நேரம் செலவு பண்றாங்கன்னு. வீட்டு வேலை பண்ற பொம்பளைங்க சராசரியா ஒரு நாளைக்கு 299 நிமிஷம் அதுல போடறாங்க, பண்ற ஆம்பளைங்க 97 நிமிஷம். பண்ற ஆம்பளைங்கன்னு சொல்றேன், நூத்துல இருபத்தாறு பேருதான் பண்ணவே பண்றாங்க, மீதி பேரு அந்த 97லயும் இல்ல. ஆபீஸ்ல இத சொன்னா "எங்க வீட்ல அப்படி இல்லப்பா"ன்னு எல்லா ஆம்பளையும் சொல்றான். அப்ப அந்த மீதி எழுபத்திநாலு பேரு எந்த ஊர்ல இருக்காங்க?

காலை வேளைக்காவது ஒரு அரசாங்கத்துக்கு புரிஞ்சுது. அம்மாக்கள் அவசரமா வேலைக்கு ஓடறாங்க, பசங்க வெறும் வயித்தோட ஸ்கூலுக்கு வருதுன்னு 2022 செப்டம்பர்ல காலை உணவுத் திட்டம் கொண்டு வந்தாங்க, பொங்கல், கிச்சடி, உப்புமா, கூட காய்கறி போட்ட சாம்பார். அம்மா உணவகத்துல சாயங்காலம் ரெண்டு சப்பாத்தி பருப்போட மூணு ரூபாய்க்கு போட்டாங்க, பருப்பாவது இருந்தது அதுல. எங்கள மாதிரி சம்பளம் வாங்கறவங்களுக்கு இலவசமா யாரும் குடுக்க வேணாம். காசு குடுத்து வாங்கறதுக்கு ஒரு கடை இருந்தா போதும்னுதான் கேக்கறேன்.

மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் பக்கம் இந்த மாதிரி கடைங்க இருக்கு, சோறு இல்லாம வெறும் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் மட்டும் டப்பால பார்சல் குடுப்பாங்க, தனியா இருக்கற பெரியவங்க வாங்கிட்டு போவாங்க. அத்தன ஐடி கம்பெனி, அத்தன அபார்ட்மென்ட், அத்தன பேரும் லேட்டா வீடு திரும்பற எங்க பக்கம் அப்படி ஒண்ணு ஏன் எவனுக்கும் தோணல? தெருவுக்கு நாலு பிரியாணி கடை புதுசா வருது. குக்கர்ல சோறு நான் வச்சுக்கறேன், தோசை நான் ஊத்திக்கறேன், அது எனக்கு வேலையே இல்ல. காய்தான் வேலை. அத மட்டும் யாராவது பண்ணி வித்தா தினம் நான் வாங்குவேன், எங்க பிளாக்ல பாதி பேரு வாங்குவாங்க.

யாராவது போடறதா இருந்தா பெரும்பாக்கம் சிக்னலுக்கும் மேடவாக்கம் கூட்ரோடுக்கும் நடுவுல, இடது கை பக்கமா போடுங்க, வீட்டுக்கு போற பக்கம் அதுதான், யூ டர்ன் எல்லாம் அடிக்க முடியாது. வண்டிய நிறுத்த இடம் வேணும். தேங்காய் கம்மியா, எண்ணெய் கம்மியா, உப்பு அளவா. பாத்திரம் நானே கொண்டு வர்றேன், கவர்ல கட்டாதீங்க. ஏழு மணிக்கு வந்தா "பொரியல் தீந்துடுச்சுக்கா, பரோட்டா வேணா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.