தாடி இருந்ததா இல்லையா?

கிறிஸ்துமஸ் வந்தால் வாட்ஸப்பில் "இதுதான் இயேசுவின் உண்மை முகம், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். குட்டைச் சுருட்டை முடி, அகன்ற மூக்கு. அது 2001இல் பிபிசி தொடருக்காக, மண்டையோட்டிலிருந்து முகம் வடிக்கும் நிபுணர் ரிச்சர்ட் நீவ் செய்த மாதிரி முகம். அடிப்படை, முதல் நூற்றாண்டு யூதர் யாரோ ஒருவரின் மண்டையோடு. முடியும் நிறமும் மண்டையோட்டிலிருந்து கிடைக்காது, அவை ஊகம்.

நான்கு சுவிசேஷங்களிலும் உயரம், நிறம், தாடி பற்றி ஒரு வரி கிடையாது. பிடிக்க வந்தவர்களுக்கு இவர்தான் என்று யூதாஸ் முத்தமிட்டுத்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. (இருட்டு வேறு.) "நடுவகிடு எடுத்த நீள முடி" என்று சொல்லும் லெந்துலுஸ் கடிதம், அதாவது இயேசு காலத்து ரோம அதிகாரி எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம், இடைக்காலப் புனைவு.

ஆக, முகத்தை முடிவு செய்தவர்கள் ஓவியர்கள்தான். நம்பாதவர்கள் இத்தாலியின் ரவென்னாவைப் பாருங்கள். அப்போது இத்தாலியை ஆண்ட தியோடோரிக் மன்னர் 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய சாந்த் அப்போலினாரே நுவோவோ ஆலயத்தில், சுவரின் உச்சியில் பக்கத்துக்கு 13 மொசைக் (வண்ணச் சில்லுகள் பதித்த) காட்சிகள். ஒரு பக்கம் அற்புதங்களும் உவமைகளும்: இயேசுவுக்கு மீசைகூட அரும்பவில்லை. எதிர்ப்பக்கம் பாடுகளும் (கடைசி நாள்களின் துன்பங்கள்) உயிர்த்தெழுதலும்: முழுத்தாடி. இரண்டிலும் அதே ஊதா அங்கி, அதே சிலுவை ஒளிவட்டம். தியோடோரிக் ஆரியுஸ் கொள்கைக்காரர் (இயேசு தந்தைக் கடவுளுக்குச் சமமல்ல என்ற தரப்பு), அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஊரில் 547இல் அபிஷேகமான சான் விதாலே ஆரியுஸ் தரப்பு ஆலயமல்ல. அங்கும் பீடத்துக்கு மேலே நீல உருண்டையில் இயேசு தாடியில்லாத இளைஞராகத்தான் உட்கார்ந்திருக்கிறார். குணமாக்குபவருக்கு இளமை, பாடுபடுபவருக்கு தாடி என்று கதைக்குத் தக்க முகம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு.

ஒரே முகத்துக்குள்ளேயும் இப்படி இரண்டு தோற்றம் கொடுக்கலாம். எகிப்தின் சினாய் மலையடிவாரத்து புனித கத்தரீன் மடத்தில் 6ஆம் நூற்றாண்டு மெழுகு வண்ண இயேசு ஓவியம் ஒன்று இருக்கிறது. படத்தைத் திறந்து, மூக்குக்கு நேராக ஒரு தாளை வைத்துப் பாதியை மறையுங்கள். நமக்கு இடப்பக்கம் தெரிவது சாந்தமான கண். தாளை மாற்றினால் புருவம் நெரிந்து, நிழல் விழுந்த கண். ஆசீர்வதிக்கும் கை முதல் பக்கம், சுவிசேஷப் புத்தகம் இரண்டாம் பக்கம்.

ஒரு எச்சரிக்கை: ஒரு பாதியையே கண்ணாடிபோல் ஒட்டி "இரண்டு இயேசு" என்று பரப்பும் படங்களில் இதைப் பார்க்காதீர்கள், அதில் வித்தியாசம் ஊதிப்பெருகித் தெரியும். புத்தகம் நமக்கு இடப்பக்கம் இருந்தால், யாரோ படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.