மாரத்தானிலிருந்து ஏதென்ஸ் வரை: அந்தச் சாலையில் யாரை நினைவுகூர்கிறோம்?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, கிரேக்கத்தில் மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் நகரின் பளிங்கு அரங்கம் வரை 42.195 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. அது முடிந்ததும் ஓட்டக்காரர்களின் குழுக்களில் ஒரே வகையான குறைகள் எழுகின்றன. பாதை கடினமானது, நடுப்பகுதி முழுவதும் ஏற்றம், கடலோரமாகப் போகும் சாலை கடலைக் காட்டுவதே இல்லை, கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கட்டடங்களைத் தவிர வேறொன்றும் இல்லை, இதைச் சற்று மாற்றியமைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். அந்தச் சாலையில் ஓடியவன் என்ற முறையில் இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாதையில் ஒரு மீட்டரைக்கூட மாற்றக் கூடாது என்பதே என் கருத்து. மாற வேண்டியது, அந்தப் பாதையில் யாரை நினைத்துக்கொண்டு ஓடுகிறோம் என்பதுதான்.

நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. கி.மு. 490-இல் பாரசீகப் படையை ஏதென்ஸ் வீரர்கள் மாரத்தான் சமவெளியில் முறியடித்தார்கள். அந்தச் செய்தியைச் சுமந்து ஒரு வீரன் ஏதென்ஸ் வரை ஓடிவந்து, வென்றோம் என்று அறிவித்துவிட்டு உயிரை விட்டான் என்பது அந்தக் கதை. ஆனால் போருக்கு அடுத்த தலைமுறையில் வாழ்ந்து அதைப் பற்றி விரிவாக எழுதிய ஹெரோடோட்டஸிடம் இந்த ஓட்டம் இல்லை. அவர் சொல்லும் ஃபிலிப்பிடீஸ் என்ற தூதன் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு உதவி கேட்டு ஓடியவன். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து மறுநாளே போய்ச் சேர்ந்தவன். மாரத்தானிலிருந்து ஓடிவந்து இறந்த தூதனைப் பற்றிப் போர் நடந்து ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர்தான் எழுதுகிறார். அவரும் அந்தத் தூதனுக்கு வேறு பெயர்களைச் சொல்கிறார். 1896-இல் முதல் நவீன ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, மிஷெல் பிரெயால் என்ற பிரெஞ்சு மொழியியல் அறிஞரின் யோசனைப்படி இந்தக் கதையை வைத்துத்தான் மாரத்தான் பந்தயம் உருவாக்கப்பட்டது.

ஹெரோடோட்டஸ் சொல்வது இதைவிடப் பெரிய செய்தி. தோற்ற பாரசீகர்கள் கப்பலேறி, சூனியோன் முனையைச் சுற்றிக்கொண்டு, காவலற்றுக் கிடந்த ஏதென்ஸை நோக்கி விரைந்தார்கள். அதைக் கண்ட ஏதென்ஸ் படை, கால்கள் தாங்கிய மட்டும் விரைந்து நடந்து, கப்பல்களுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டது. போரிட்டுக் களைத்த ஆயிரக்கணக்கான மனிதர்கள் தங்கள் வீடுகளைக் காப்பதற்காக ஒன்றாக நடந்த வழி அது. பின்னாளில் பல்லாயிரம் பேர் கூட்டமாகக் கடக்கும் ஒரு சாலைக்கு, தனியொரு தூதனின் கதையைவிட இந்தப் படையின் நடையே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் பென்டெலி மலையைத் தாண்டும் குறுக்குவழியில் வந்தார்களா, கடலோரமாகச் சென்று பலினி வழியாகத் திரும்பினார்களா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் அந்தப் போருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பிசிஸ்ட்ராட்டஸ் என்ற சர்வாதிகாரி மாரத்தான் கரையில் படையோடு இறங்கி ஏதென்ஸை நோக்கிப் புறப்பட்டபோது, நகரத்தார் அவனைப் பலினியில் எதிர்கொண்டு தோற்றார்கள் என்பது வரலாறு. ஆகவே இன்றைய பந்தயம் செல்லும் கடலோர வழி, படைகள் நடந்து பழகிய வழிதான்.

பந்தயம் தொடங்கிச் சில கிலோமீட்டரில் பாதை நேர்சாலையை விட்டு இடப்பக்கம், கடல் இருக்கும் திசையில் திரும்புகிறது. எல்லாப் பந்தயங்களிலும் தூரத்தைச் சரிக்கட்டச் சுற்றுப் பாதைகள் உண்டு; இங்கேயும் 1896-இல் ஏறத்தாழ 40 கிலோமீட்டராக இருந்த தூரத்தை இன்றைய அளவுக்குக் கொண்டுவருவதில் இந்தச் சுற்றுக்குப் பங்குண்டு. ஆனால் ஓட்டக்காரர்கள் இங்கே சுற்றி வருவது ஒரு கல்லறையை. சமவெளியின் நடுவே ஒன்பது மீட்டர் உயரத்தில் புல் மூடிய வட்டமான ஒரு மண்மேடு நிற்கிறது. போரில் இறந்த 192 ஏதென்ஸ் வீரர்களின் சாம்பல் அதற்கடியில் இருக்கிறது. 1890-91-இல் வலேரியோஸ் ஸ்டாயிஸ் அதை அகழ்ந்தபோது சாம்பல் படுகையும் எரிந்த எலும்புகளும் அவற்றோடு வைத்த மட்கலங்களும் கிடைத்தன. போரில் இறந்தவர்களை நகரத்துக்கு எடுத்துவந்து அடக்கம் செய்வதே ஏதென்ஸின் வழக்கம். மாரத்தானில் இறந்தவர்களை மட்டும், அவர்களுடைய வீரத்துக்குரிய சிறப்பாக, விழுந்த இடத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த மேட்டைச் சுற்றும்போது பேச்சுச் சத்தம் தானாகவே குறைவதைக் கவனித்திருக்கிறேன். பல நாட்டவர் ஓடும் அந்தக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. நேரத்தைக் குறைக்க விரும்பும் எவரும் முதலில் வெட்ட நினைக்கும் துண்டு இதுவாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், 42 கிலோமீட்டரில் வேறு எதைக் கைவிட்டாலும் இதைக் கைவிடக் கூடாது.

அந்த மேட்டைச் சுற்றியிருப்பது வயல்வெளி. பசுமைக் கூடாரங்களும் காய்கறிப் பாத்திகளுமாக அந்தச் சமவெளி ஏதென்ஸின் சந்தைகளுக்குக் காய்கறி அனுப்புகிறது. பஞ்சாபிலிருந்து போய்ச் சேர்ந்த விவசாயத் தொழிலாளர்களும் அங்கே வேலை செய்கிறார்கள்.

அடுத்து வருபவை கடலோர ஊர்கள். நியா மாக்ரி, மாட்டி, ரஃபினா என்று அவை வரிசையாக வரும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் வீடுகளுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே எப்போதாவதுதான் நீலம் தெரியும். காட்சிக்காக ஓடுகிறவர்கள் ஏமாற்றமடையும் இடம் இதுதான். இந்த ஊர்கள் எப்படி உருவாயின என்று அறிந்துகொண்டு ஓடினால் அந்த ஏமாற்றம் இருக்காது என்று நம்புகிறேன். 1922-இல் கிரேக்கப் படை ஆசியா மைனரில் தோற்றதையும், 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்ததையும் தொடர்ந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டுக் கடல் கடந்து வந்து இறங்கினார்கள். இன்று துருக்கியில் ஃபெத்தியே என்று அழைக்கப்படும் மாக்ரியிலிருந்து வந்தவர்கள் தங்கள் புதிய ஊருக்கு நியா மாக்ரி, அதாவது புதிய மாக்ரி, என்று பெயரிட்டார்கள். மர்மரா கடலோரத்து திரிக்லியாவிலிருந்து வந்தவர்கள் ரஃபினாவில் குடியேறினார்கள். அந்த ஊர்களில் சாலையோரம் நின்று கைதட்டும் முதியவர்களில் பலர் அந்த அகதிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். ஓட்டக்காரர்களுக்கு ஒலிவக் கிளை கொடுப்பது அங்குள்ள வழக்கம். நியா மாக்ரியில் ஒரு பாட்டி, பழைய தினசரியில் சுற்றிய கிளைக் கட்டை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கிளையாக உருவி நீட்டிக்கொண்டிருந்தார். அவை கடையில் வாங்கியவை அல்ல, காலையில் வீட்டு மரத்திலிருந்து ஒடித்தவை என்பது கிளையின் நுனியில் தெரிந்த பச்சை நாரிலிருந்தே புரிந்தது. ஏதென்ஸ் நகரின் பூங்காக்களையும் பழைமையான இடங்களையும் மட்டும் வளைத்துவரும் ஓர் அழகான பாதையை நாளைக்கே வரைந்துவிடலாம், ஆனால் அதில் இந்தப் பாட்டிக்கு இடமிருக்காது.

மாட்டியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பாதையைப் பற்றிப் பேசுவது சரியல்ல. 2018 ஜூலை 23 அன்று பென்டெலி மலைச்சரிவில் பற்றிய தீ, பலத்த மேற்குக் காற்றில் இறங்கிவந்து, ஓட்டக்காரர்கள் ஓடும் அதே நெடுஞ்சாலையைத் தாண்டி, கடலோரத்தில் இருந்த மாட்டியை எரித்தது. 104 பேர் இறந்தார்கள். குறுகலான தெருக்களில் வண்டிகள் சிக்கிக்கொண்டன. கடலுக்குப் போக வழி தெரியாமல், கரைக்குச் சற்று முன்னால் ஒரு வெற்றிடத்தில் 26 பேர் ஒன்றாக இறந்து கிடந்தார்கள். போரில் இறந்த 192 பேரின் கல்லறையிலிருந்து இந்த ஊர் ஓட்டக்காரர்களின் கணக்கில் ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. மேட்டைச் சுற்றும்போது காட்டும் மரியாதையை மாட்டியைக் கடக்கும்போதும் காட்ட வேண்டும் என்று கேட்பது, ஒரு பந்தயத்தில் துக்கத்தைத் திணிப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இறந்தவர்களை நினைப்பதற்காகவே தொடங்கப்பட்ட ஒரு பந்தயத்தில் அந்தக் கோரிக்கை எப்படி மிகையாகும் என்று எனக்குத் தெரியவில்லை.

ரஃபினாவுக்கு மேலே சாலை மேற்கு நோக்கித் திரும்புகிறது, ஏற்றம் தொடங்குகிறது. பிக்கெர்மி, பலினி என்று, ஏறத்தாழ 31-ஆவது கிலோமீட்டரில் ஸ்டாவ்ரோஸ் சந்திப்பு வரை, விட்டுவிட்டு ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன இந்தப் பகுதி இன்று பெரும்பாலும் கடைகளும் மேம்பாலங்களும்தான். 2004 ஒலிம்பிக்கில், ஆகஸ்ட் மாத வெயிலில், ஜப்பானின் மிசுகி நோகுச்சி இந்த ஏற்றத்தில் முந்திச் சென்று தங்கம் வென்றார். உலகச் சாதனை வைத்திருந்த பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப், ஏற்றமெல்லாம் முடிந்த பிறகு, 36-ஆவது கிலோமீட்டரை ஒட்டிச் சாலையோரத்தில் அமர்ந்து அழுதார். தொடக்க இடமும் முடிவிடமும் வெகுதூரம் விலகியிருப்பதால் இந்தப் பாதையில் யார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது உலகச் சாதனையாக ஏற்கப்படாது. வேகத்துக்காக ஓட விரும்புகிறவர்களுக்குச் சமதளப் பாதை கொண்ட பெர்லின் மாரத்தான் இருக்கிறது.

இதே சாலையில் 1963 ஏப்ரல் 21 அன்று ஒரு மனிதர் தனியாக நடந்தார். கிரிகோரிஸ் லம்ப்ராகிஸ் மருத்துவர், நாடாளுமன்ற உறுப்பினர். நீளம் தாண்டுதலில் கிரேக்கச் சாதனையை 23 ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்தவர். அணு ஆயுதங்களுக்கு எதிராக மாரத்தானிலிருந்து ஏதென்ஸ் வரை நடக்கத் திட்டமிட்ட பேரணியைக் காவல்துறை தடை செய்து, வந்தவர்களைப் பெருமளவில் கைது செய்தது. நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பாதுகாப்பு இருந்ததால் அவரால் மட்டும் சமாதானப் பதாகையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தபடி நடக்க முடிந்தது. இறுதியில் அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்து, மே 22 அன்று, தெசலோனிகியில் ஒரு சமாதானக் கூட்டத்தை முடித்து வெளியே வந்தபோது தாக்கப்பட்டு, 27-ஆம் தேதி இறந்தார். இன்றைய ஏதென்ஸ் மாரத்தான் அவருடைய நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. இது ஒளித்து வைக்கப்பட்ட செய்தியல்ல. ஆனால் பதக்கத்தோடு படம் எடுத்துப் பகிரும் நண்பர்களின் பதிவுகளில் தூதனின் கதைதான் இருக்கிறதே தவிர, லம்ப்ராகிஸின் பெயரைக் காண்பது அரிது. நடந்ததற்குப் புகைப்படமே சான்றாக இருக்கும் ஒருவரை விட்டுவிட்டு, நடந்ததா என்றே தெரியாத ஓர் ஓட்டத்தைக் கொண்டாடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கதை இல்லாவிட்டால் பந்தயமே இல்லை, ஆதாரம் கேட்டு அதைக் குலைக்காதே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். குலைக்க நான் விரும்பவில்லை, தூதனும் இருக்கட்டும். ஆனால் கொண்டாட்டத்தில் கவனக்குறைவு எளிதாகப் புகுந்துவிடுகிறது. போரின் 2500-ஆம் ஆண்டு என்று 2010-இல் பெருவிழா எடுத்தார்கள். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ஜிய ஆண்டு என்று ஒன்று இல்லாததால் சரியான கணக்கில் அது 2011-இல்தான் நிறைந்தது. ஓராண்டுப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை. பாதையோரத்து மனிதர்களே கணக்கிலிருந்து விடுபடும்போதுதான் நட்டம்.

அப்படி விடுபட்டவர்களில் ஒருவர் ஸ்டமாட்டா ரெவிதி. 1896 ஏப்ரல் 10 அன்று நடந்த முதல் பந்தயத்தில் தண்ணீர் சுமக்கும் தொழில் செய்த ஸ்பிரிடோன் லூயிஸ் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் வென்றதையும், இளவரசர்கள் அரங்கத்துக்குள் அவரோடு சேர்ந்து ஓடியதையும் உலகம் அறியும். கைக்குழந்தையோடு வறுமையில் இருந்த ரெவிதியும் அந்தப் பந்தயத்தில் ஓட மாரத்தானுக்கு வந்திருந்தார், அனுமதி கிடைக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு, புறப்பட்ட நேரத்தை ஊர்ப் பெரியவர்களிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தனியாக ஓடத் தொடங்கி, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஏதென்ஸை அடைந்தார். இன்று இவாஞ்ஜெலிஸ்மோஸ் மருத்துவமனை இருக்கும் இடத்தருகே அவர் எதிர்ப்பட்ட ராணுவ அதிகாரிகளிடம் வந்து சேர்ந்த நேரத்துக்கும் கையெழுத்துக் கேட்டார். அரங்கத்துக்குள் அவர் ஓடவில்லை. அதன்பிறகு அவர் என்ன ஆனார் என்பதற்குப் பதிவு இல்லை. ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாக நடந்தது 1982-இல். அதுவும் இதே சாலையில்தான், போர்ச்சுகலின் ரோசா மோட்டா வென்றார்.

பந்தயத்தின் கடைசிப் பகுதியில் அனைவரும் அந்த மருத்துவமனையைக் கடந்துதான் அரங்கத்துக்கு இறங்குகிறார்கள். அரங்கத்தின் பளிங்கு, வழிநெடுக வலப்பக்கம் நின்ற பென்டெலி மலையிலிருந்து வெட்டியது. அதைப் பளிங்கில் கட்டிய, ரோமானியர் காலத்துச் செல்வரான ஹெரோடெஸ் அட்டிகஸ் மாரத்தானில் பிறந்தவர். வழிகாட்டி நூல்கள் இதை விடாமல் சொல்லும். அதே நூல்கள் அடுத்த முறை அச்சாகும்போது, அந்த மருத்துவமனைத் திருப்பத்தையும் குறித்து, ரெவிதியின் பெயரையும் அவர் கையெழுத்து வாங்கிய இரண்டு நேரங்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓடப் போகும் நண்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எட்டு மணி, ஒன்றரை மணி என்று இரண்டு நேரங்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.